பைசனுக்கு எப்போது தீனி வைக்கக் கூடாது

கறவை மாடு வைத்திருக்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களில் ஜனவரி மாதம். குளிர் சுழிக்குக் கீழே 30 டிகிரி. அந்தக் குளிரில் பண்ணைக்காரர் தன் பைசன் மந்தைக்கு வைக்கிற தீனியைக் கூட்டுவதில்லை. மேய்ச்சல் இருக்கிற இடத்தில் பல நாள் ஒன்றுமே வைப்பதில்லை. “அடப்பாவி, பட்டினி போடுறானா?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாட்டை அப்படி விட்டால் அது வதைதான். பைசனுக்கு அது வதை இல்லை. ஏன் என்று சொல்லி முடிக்க இரண்டு டீ ஆகும், அவசரப்பட வேண்டாம்.

முதலில் எந்தப் பிராணி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். குன்னூர், கொடைக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வந்து நிற்கிற பெரிய கறுப்பு மாட்டையும் பைசன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது காட்டுமாடு, வேறு இனம். நான் சொல்வது வட அமெரிக்கப் புல்வெளியின் பைசன். முன்பக்கம் முழுக்கத் தலையும் திமிலும் தாடியும், பின்பக்கம் சிறுத்த இடுப்பு. காளை 700 முதல் 900 கிலோ, பசு 400 முதல் 500 கிலோ. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்தது. 1880-களின் கடைசியில் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சியதைச் சில பண்ணைக்காரர்களும் பூர்வகுடிகளும் பிடித்து வளர்த்ததால்தான் இனம் பிழைத்தது. இன்று கண்டம் முழுவதும் சுமார் நான்கு லட்சம் இருக்கும். பெரும்பகுதி தனியார் பண்ணைகளில், இறைச்சிக்காக. சி.என்.என். தொடங்கிய டெட் டர்னரின் பண்ணைகளில் மட்டுமே 40 ஆயிரத்துக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்ன எடையுள்ள மாட்டுக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு எரிசக்தி, இவ்வளவு சுண்ணாம்புச்சத்து என்று மாட்டுக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை உண்டு. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு பல பதிப்புகளாக அதை வெளியிட்டு வருகிறது. பைசனுக்கு அப்படி ஒரு நூல் கிடையாது. ஆகவே புதிதாகப் பைசன் வாங்குகிறவர் மாட்டு அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்கிறார். கோடையில் அது ஓரளவுக்குப் பொருந்துகிறது. குளிர்காலத்தில் அடியோடு பொருந்துவதில்லை. பைசன் தீவனத்தில் நடக்கிற தவறுகளில் பாதி இந்த இரவல் அட்டவணையால் வருபவை என்பது என் எண்ணம்.

1970-களில் கனடாவின் ஆல்பர்டாவில் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பைசன், யாக், ஸ்காட்லாந்தின் சடை மாடு, சாதாரண ஹெர்ஃபர்ட் இறைச்சி மாடு, இவற்றின் கன்றுகளைக் கடுங்குளிரில் வைத்து, ஒவ்வொன்றும் உடம்புக்குள் எவ்வளவு வெப்பம் உண்டாக்குகிறது என்று அளந்தார்கள். குளிர் ஏற ஏற ஹெர்ஃபர்ட் கன்று அதிகமாக எரித்தது. நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே, குளிருக்கு அடுப்பில் விறகு கூட்டுவது. பைசன் கன்று, சுழிக்குக் கீழே 30 டிகிரியிலும், விறகைக் கூட்டவில்லை. அதன் ரோமம் அவ்வளவு அடர்த்தி. அதோடு உடம்பே தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது.

இந்தச் சுருக்கத்தைத் தொடங்கி வைப்பது பகல் நேரத்தின் நீளம். குளிர் அதற்கு அப்புறம். இலையுதிர் காலத்தில் பகல் குறுகிக்கொண்டே வர, பைசனுக்குப் பசி குறைகிறது. கோடையில் உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் அளவுக்கு உலர்பொருள் தின்றது, நடுக்குளிரில் 1.5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நல்ல தீனியை முன்னால் கொட்டினாலும் அவ்வளவுதான். நடமாட்டம் குறைகிறது, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வளர்ந்த பசு குளிர்காலத்தில் தன் எடையில் 10 முதல் 15 சதவீதம் இழக்கும். 450 கிலோ பசுவுக்கு அது 45 கிலோவுக்கு மேல். மாட்டுக்காரர் கண்ணுக்கு இது பேரிழப்பு. பைசனுக்கோ இது வருஷா வருஷம் நடக்கிற கணக்கு. ஏப்ரலில் பச்சை தலைகாட்டியதும் பசி திரும்புகிறது, இழந்ததை வட்டியோடு மீட்டுவிடுகிறது. தீவனக்காரர்கள் இதை ஈடுகட்டும் வளர்ச்சி என்பார்கள். காசு செலவில்லாமல், வெறும் புல்லில் வருகிற எடை அது.

அப்படியானால் டிசம்பரில் தானியம் கொட்டினால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதுதான் பதில். எடை கொஞ்சம் ஏறும், செலவு நிறைய ஏறும். சினைப் பசுவானால் கொழுப்பு சேர்ந்து ஈற்றில் சிரமம் வரும். பைசனுக்கு ஈற்றில் மனிதன் கை வைக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். பைசன் கன்று பிறக்கும்போது இருபது கிலோ சொச்சம்தான். சிறிய கன்று, தானாக ஈனும் தாய். அந்த ஏற்பாட்டைக் கொழுப்பூட்டி நாமே கெடுத்துக்கொள்வானேன்?

இனி புல்லுக்கு வருவோம். விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

பைசன் புல் தின்னி. இலைதழை, செடிகொடி என்று ஆடு போல அலைவதில்லை; தின்பதில் பெரும்பகுதி புல்லும் கோரையும்தான். மேற்குப் பக்கத்துக் குட்டைப் புல்வெளியில் நீல கிராமா, எருமைப்புல் என்று இரண்டு புற்கள் உண்டு. விரல் நீளமும் சாணும்தான் வளரும். இவற்றின் அருமை, நின்ற நிலையிலேயே காய்ந்து, காய்ந்த பிறகும் சத்தை ஓரளவு வைத்திருப்பது. கிழக்கே ஆள் உயரம் வளர்கிற பெரும்புற்கள் காய்ந்தால் வெறும் தட்டை. இந்தக் குட்டைப் புற்கள் நிலத்திலேயே சேமித்து வைத்த உலர்தீவனம் மாதிரி. கோடிக்கணக்கான பைசன்கள் வைக்கோல் போர் இல்லாமல் குளிர்காலம் கடந்ததற்கு இவை முக்கியக் காரணம்.

காய்ந்த புல்லில் புரதம் 5, 6 சதவீதம்தான் தேறும். அதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது? ஆல்பர்டாவில் இதையும் சோதித்தார்கள். மாட்டுக்கும் பைசனுக்கும் நல்ல குதிரை மசால் உலர்புல்லைப் போட்டபோது செரிமானத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சத்துக் குறைந்த கோரை உலர்புல்லைப் போட்டபோது பைசன் முந்தியது. தீனி அதன் அசைவயிற்றில் கூடுதல் நேரம் தங்குகிறது, நுண்ணுயிர்கள் நாரை நன்றாகப் பிரித்தெடுக்கின்றன. தீனி எவ்வளவு மட்டமோ அவ்வளவுக்குப் பைசனின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படும். நல்ல தீனியை வாங்கிப் போட்டு அதைச் சாதாரண மாடாக்குவது பணத்தை வீணாக்குவதுதான்.

பனி மூடிவிட்டால்? மாடு மூக்கால் நெம்பிப் பார்த்து, முடியாவிட்டால் வேலியோரம் நின்று கத்தும். பைசன் தலையையே மண்வெட்டியாக்கி இடமும் வலமும் வீசிப் பனியைத் தள்ளும். அந்தத் திமில் இதற்காகத்தான்: முதுகெலும்பிலிருந்து மேலெழும் நீண்ட முட்களில் கட்டிய தசைமேடு, கனத்த தலையைத் தூக்கி வீசுகிற பாரந்தூக்கி. ஜனவரியில் ஒரு பைசனை அருகே பார்த்தால் முகம் முழுக்கப் பனி உறைந்து, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்; வாயோரம் ஒரு பிடி பழுப்புப் புல். மென்பனி இருக்கும்வரை தாகத்துக்கும் அதையே தின்றுகொள்ளும். பனி உருகி மறுபடி உறைந்து மேலே கண்ணாடிப் பாளம் போல இறுகிவிட்டால்தான் ஆபத்து. தலையாலும் உடைக்க முடியாது. அன்றைக்குப் பண்ணைக்காரர் உலர்புல்லோடு போயே ஆக வேண்டும்.

வண்டியிலிருந்து இறங்கும் பண்ணைக்காரர் முதலில் சாணத்தைப் பார்ப்பார். அப்பம் போலப் பரந்து நடுவில் குழி விழுந்திருந்தால் புரதம் போதுகிறது. வளையம் வளையமாக அடுக்கி, கட்டியாக, உலர்ந்து நின்றால் புல்லில் சத்து தீர்ந்துவிட்டது. வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கே சாப்பாடு இல்லை. புல் இருந்தும் செரிக்காது. அப்போது கொடுக்க வேண்டியது வயிறு நிறையத் தீனி இல்லை, கொஞ்சம் புரதம். இதற்கென்றே “கேக்” என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிறந்த நாள் கேக் இல்லை. குதிரை மசால், சோயாத் தோல், தானியக் கழிவு இவற்றை அழுத்திச் செய்த, கட்டைவிரல் தடிமன் துண்டுகள். புரதம் 20 சதவீதம் அளவில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுத்தால் போதும். அந்தச் சிறு புரதத்தில் நுண்ணுயிர்கள் பிழைத்து, சுற்றியிருக்கிற காய்ந்த புல்லைச் செரித்துக் கொடுத்துவிடும்.

கேக்குக்கு இன்னொரு பயன் உண்டு. வண்டியின் ஹாரனை அடித்துக்கொண்டே கேக்கைக் கொட்டிப் பழக்கிவிட்டால், பிறகு ஹாரன் சத்தம் கேட்டதும் மந்தை மைல் கணக்கில் ஓடிவரும். முந்நூறு பைசனை நாய் வைத்தோ குதிரை வைத்தோ ஓட்டுவதைவிட இது எளிது. ஓட்டினால் அது வேலியை உடைத்துக்கொண்டு போகும். அழைத்தால் பின்னாலேயே வரும்.

தீனி வைக்கிற விதத்திலும் மாட்டுக் கொட்டகை வழக்கம் உதவாது. பைசன் மந்தையில் தரவரிசை கறாரானது. பெரிய பசு நிற்கிற தொட்டியை இளம் கிடேரி நெருங்காது. நெருங்கினால் கொம்பு விலாவில் ஏறும். ஆகவே ஒரே இடத்தில் தொட்டி வைத்தால் கொழுத்தது மேலும் கொழுக்கும், மெலிந்தது மேலும் மெலியும். உலர்புல் உருளையை நிலத்தில் நீளமாக உருட்டி விரித்து விடுவதும், கேக்கை ஓடும் வண்டியிலிருந்து நீண்ட கோடாகச் சிந்துவதும் இதனால்தான்.

இதுவரை சொன்னது நிலம் தாராளமாக உள்ளவர்களின் கதை. மேற்கு டகோட்டாவில் ஒரு பசு ஆண்டு முழுக்க மேய 20 முதல் 30 ஏக்கர் வேண்டும். அவ்வளவு நிலம் இல்லாமல் நாற்பது ஏக்கர் வேலிக்குள் இருபது பைசனை விட்டவருக்கு “தானாகப் பிழைக்கும்” என்கிற பேச்செல்லாம் செல்லாது. காட்டு பைசன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தீ எரிந்துபோன நிலத்தில் புதுப்புல் முளைத்தால் அங்கே போகும்; பிரெய்ரி நாய் என்கிற அணிலினப் பிராணி கொறித்துக் கொறித்துக் குட்டையாக்கிய இடத்தில் துளிர் புரதம் மிகுந்திருக்கும், அதைத் தேடிப் போகும். கால்நடையாகவே தன் தீவனக் கலவையைத் தயாரித்துக்கொண்ட பிராணி அது. வேலி போட்டதும் அந்தக் கலவையைத் தயாரிக்கும் பொறுப்பு வேலி போட்டவர் தலையில் விழுகிறது. மேய்ச்சலைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி விட வேண்டும். மாற்றாவிட்டால் புல்லும் தேயும், குடற்புழுவும் ஏறும். நெருக்கமான வேலிக்குள் பைசன் குடற்புழுவுக்கு எளிதில் ஆளாகிற பிராணி. சாணப் பரிசோதனை இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது.

வேலி கொண்டுவருகிற அடுத்த தொல்லை தாது உப்பு. வடக்குப் புல்வெளியின் பல கிணறுகளிலும் குட்டைகளிலும் சல்பேட் அதிகம். சில இடங்களில் மண்ணில் மாலிப்டினமும் மிகுதி. இவை இரண்டும் அசைவயிற்றில் தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். புல்லில் தாமிரம் இருந்தாலும் உடம்பில் சேராது. அடர்பழுப்பு ரோமம் வெளிறித் துருநிறம் ஆகும், பழைய ரோமம் கோடை வந்தும் உதிராமல் தொங்கும், பசு சினை பிடிக்காது. இதற்குத் தாமிரம் கலந்த தாது உப்புத் தூளைத் தொட்டியில் வைத்துவிடுவார்கள், அது வேண்டியபோது நக்கிக்கொள்ளும். ஆனால் செலினியத்தில் கண்ணை மூடிக்கொண்டு இந்த வைத்தியத்தைச் செய்யக் கூடாது. தெற்கு டகோட்டாவின் சில பகுதிகளில் செலினியம் நிலத்திலேயே நஞ்சாகும் அளவுக்கு இருக்கிறது. அங்கே மேய்ந்த கால்நடைகளுக்கு ரோமம் உதிர்ந்து குளம்பு கோணிய வரலாறு உண்டு. வேறு பகுதிகளில் அதே செலினியம் பற்றாக்குறை. மூட்டை வாங்குவதற்கு முன் தண்ணீரையும் புல்லையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

சரி, எப்போதுதான் தாராளமாகக் கொடுப்பது? இரண்டு இடங்களில்.

ஒன்று, பால் மறந்த கன்று. இலையுதிர் காலத்தில் தாயிடமிருந்து பிரிக்கும்போது 160 முதல் 190 கிலோ இருக்கும். உடம்பு வளர வேண்டிய வயது, அதே நேரம் பகல் குறுகிப் பசி அடங்குகிற காலம். தின்பது கொஞ்சம் என்பதால் அந்தக் கொஞ்சம் செறிவாக இருக்க வேண்டும்: புரதம் 12 முதல் 14 சதவீதம், நல்ல உலர்புல், கொஞ்சம் ஓட்ஸ். பெரிய பசுவுக்குப் போதுமென்று சொன்ன காய்ந்த புல்லை இதற்கும் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது தவறு.

இரண்டாவது, ஈன்ற பசுவுக்கு ஏப்ரல், மே தொடங்கி ஆகஸ்டு வரை. கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஜூலை கடைசியில் இணைசேரும் பருவம் வருவதற்குள் குளிரில் போன சதையை மீட்டாக வேண்டும். மீட்டால் மறுபடி சினை. மீட்காவிட்டால் அந்த ஆண்டு சினை இல்லை. பைசன் பசு தயங்காமல் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொள்ளும். வறட்சியில் புல் ஏமாற்றினால் இந்த மாதங்களில்தான் கையைத் திறக்க வேண்டும். ஜனவரியில் இளகுகிற மனசு ஜூனில் இளகினால் கன்று கூடும் என்று நான் சொன்னால், அனுபவமுள்ள பண்ணைக்காரர் யாரும் மறுக்கமாட்டார்.

இனி தானியம். இதில்தான் சண்டை. சந்தைக்குப் போகிற இளங்காளைகளில் கணிசமான பங்கு, ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள், கடைசி மூன்று நான்கு மாதம் பட்டியில் அடைபட்டு மக்காச்சோளமும் ஓட்ஸும் பார்லியும் தின்றுவிட்டுப் போகிறவை. புல்லில் மட்டும் வளர்ந்ததன் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், தானியத்தில் அது வெள்ளையாகிவிடும். கடைக்காரருக்கு வெள்ளைதான் வேண்டும், வருஷம் முழுக்க ஒரே மாதிரி வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி பைசனுக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஆகவே தானியம் ஒன்றே பட்டிக்காரர்கள் கையிலுள்ள கருவி.

புல்லுக்கென்று அமைந்த அசைவயிற்றில் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பானைப் பொங்கலை அள்ளி வைத்துவிட்டு, மறுநாள் மாடு வயிறு உப்பிக் கீழே கிடக்க, கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிற வீடுகள் எத்தனை. அசைவயிற்றில் அமிலம் மிகுகிற அதே நோய்தான் பைசனுக்கும். அதனால் பட்டியில் உலர்புல்லோடு தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானியத்துக்கு நகர்கிறார்கள். உமியோடு இருக்கிற ஓட்ஸ் முதலில், மக்காச்சோளம் பிறகு. இதிலும் காலண்டர் விடாது: வசந்தத்தில் பட்டிக்குள் விட்டால் நன்றாக எடை போடும், நவம்பரில் விட்டால் அதே தானியத்தைத் தின்றுவிட்டு மந்தமாக நிற்கும். வடக்கு டகோட்டாவின் கேரிங்டன் ஆய்வு நிலையம் பல ஆண்டுகள் பைசன் தீவனத்தை ஆராய்ந்திருக்கிறது. பட்டிக்காரர்கள் எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் அவர்களுடைய பரிந்துரைகளைத்தான்.

எனக்குத் தானியத்தின் மேல் பெரிய பகை கிடையாது. அமெரிக்காவில் ஆண்டு முழுக்க வெட்டப்படும் பைசன் 60, 70 ஆயிரம். மாட்டிறைச்சித் துறை ஒரே நாளில் அதைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு சிறிய தொழில் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் மந்தையைப் புல்லில் வளர்த்து அங்கேயே முடிப்பவர்களும் பெருகிவருகிறார்கள். பூர்வகுடி மந்தைகளில் பல இறைச்சி எடையைக் குறிவைத்தே வளர்க்கப்படுவதில்லை. நிலம் இருப்பவர் தானியத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

தீனிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். செம்மறி ஆட்டின் பக்கத்தில் பைசன் பட்டி வைக்கக் கூடாது. செம்மறி தனக்கு ஒரு கெடுதலும் இல்லாமல் சுமக்கிற ஒரு வைரஸ், பைசனுக்கு வந்தால் பெரும்பாலும் மரணம்தான்; மருந்து கிடையாது. இடாஹோவில் ஒரு பட்டியில் 2003 வாக்கில் 800-க்கும் மேற்பட்ட பைசன்கள் இப்படிச் செத்தன. ஆகவே பட்டிக்கு இடம் பார்க்கும்போது தீவனக் கிடங்கு எவ்வளவு பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், அக்கம்பக்கத்தில் யார் செம்மறி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கடைசியாக, எல்லாரும் கேட்கிற கேள்வி: கையால் ஊட்டலாமா? தாய் இறந்த கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். பெண் கன்றானால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆண் கன்றுக்கு மூன்று வயதாகும்போது உங்களைத் தன் இனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும், இணைசேரும் பருவத்தில் தனக்குப் போட்டிக் காளை என்றும் நினைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் வளர்ந்த காளை மனிதனைக் கண்டால் விலகும். இது நேராக வரும். அதனால்தான் பண்ணைக்காரர்கள் கேக்கை வண்டியில் உட்கார்ந்தபடியே சிந்துகிறார்கள், கையில் வைத்து நீட்டுவதில்லை.